மலைக்கு ஒரே சாலை... மறித்தால்தான் கேட்குமா?

திங்கட்கிழமை விடியற்காலை. ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் பனிக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பவர்களைக் கவனித்தால், சிலர் கையில் மட்டும் நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். மனு. சாலை வேண்டும், பட்டா வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து போளூர் வழியாக இறங்கி, திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தின் 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' கூட்டத்துக்குப் போய்ச் சேர, ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும்.

அலுவலக வாசலில் முதல் வரவேற்பு போலீஸார்தான். பையைத் திறக்கச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலைத் திருகி, முகர்ந்து பார்ப்பார்கள்.

"என்னம்மா இதுல?"

"தண்ணிதான் சார்."

"குடிச்சுக் காட்டுங்க."

மனு கொடுக்க வந்தவரைச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபம் வரும். ஆனால், இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை குறித்துத் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலனில்லை என்று, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். நால்வரும் பிழைக்கவில்லை. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாடு முழுக்க ஆட்சியர் அலுவலக வாசல்களில் மண்ணெண்ணெய்க்கான சோதனை இவ்வளவு கடுமையானது.

அந்தப் பாட்டிலை முகரும் காவலர் ஓர் உயிரைக் காப்பாற்றவும் கூடும். ஆனால், பாட்டிலைச் சோதிக்கிற அக்கறை மனுவைப் படிப்பதிலும் இருந்திருந்தால் நெல்லையில் அது நடந்தே இருக்காது என்பதும் உண்மை. போராடும் உரிமை, பொதுமக்கள் பாதுகாப்பு, போலீஸ் என்று இன்று பேசப்படும் மொத்தச் சிக்கலும் அந்த வாசலிலேயே நிற்கிறது.

மறியல் எதற்கு?

மனு கொடுத்து அலுத்துப்போன ஊர்கள் அடுத்து செய்வது சாலை மறியல். காலிக்குடங்களோடு பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நகரத்தில் இது போக்குவரத்து நெரிசல். மலையில் விஷயமே வேறு. ஜவ்வாது மலைக்குப் போளூர், ஆலங்காயம், அமிர்தி என்று சில பக்கங்களிலிருந்து பாதைகள் ஏறினாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் பெரும்பாலும் ஒரே சாலைதான். அதை மறித்தால் அதிகாரியின் ஜீப் நிற்கும். 108 ஆம்புலன்ஸும் நிற்கும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாம்பு கடித்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனைக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. இறந்த குழந்தையின் உடலை ஊருக்குக் கொண்டுவரும்போதும், ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே இறக்கிவிட, தாய் கையில் சுமந்தபடி மலையேறினார். நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இந்த மலைத்தொடரில் பலருக்குப் பாட்டி காலத்துக் கதை அல்ல, அவர்களே தோள் கொடுத்த அனுபவம்.

சாலை கேட்டு, இருக்கிற ஒற்றைச் சாலையை மறிக்கிறார்கள். முரண்தான். ஆனால், மறித்தால்தான் தாசில்தார் வருகிறார், இன்ஸ்பெக்டர் வருகிறார், 'பதினைந்து நாளில் முடித்துத் தருகிறோம்' என்ற வார்த்தை வருகிறது. மனு கொடுத்தபோது வராதவர்கள் மறித்ததும் வருவதைக் குழந்தைகள்கூடப் பார்க்கிறார்கள். மறியலை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், நான் அரசு இயந்திரத்தைத்தான் சொல்வேன்.

அதே நேரம், அந்த இடத்துக்கு வந்து நிற்கும் காவலர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். மலைமேல் ஒரு காவல் நிலையம். கூடுதல் படை வேண்டுமென்றால் கீழேயிருந்துதான் வர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்து சேர்வதற்குள் கூட்டத்தின் மனநிலை மாறிவிடலாம். சாலை போடுவதோ பட்டா கொடுப்பதோ அந்த இன்ஸ்பெக்டரின் கையில் இல்லை. வருவாய்த் துறை, வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை என்று மூன்று துறைகள் தள்ளிப்போட்ட வேலைக்குத் திட்டு வாங்குவது காக்கிச் சட்டை.

காக்கியைக் கண்டால்...

இந்த மலைகளில் போலீஸ் என்ற சொல்லுக்கு ஒரு கனமான பழைய கணக்கு உண்டு. 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் நக்சலைட்டுகள் வீசிய வெடிகுண்டில் இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் காவலர்களும் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வால்டர் தேவாரம் தலைமையில் 'ஆபரேஷன் அஜந்தா' நடந்தது. இறந்த ஆய்வாளரின் மகளின் பெயர் அது. ஒரு பக்கம் கடமையில் இறந்த காவலர்களின் குடும்பங்கள், இன்னொரு பக்கம் போலி மோதல் கொலைகள் என்ற குற்றச்சாட்டுகள். இரண்டுமே அந்தக் காலத்தின் மிச்சம்.

அடுத்தது வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரக் கிராமம். அங்கே வாழ்பவர்களும் ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர்தான். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்வதற்குள் அவர்களில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். மீதியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்பு நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

வாச்சாத்தி மக்கள் கல் எடுத்தவர்கள் இல்லை. ஆர்ப்பாட்டம் செய்தார்கள், சங்கமும் கட்சியும் துணைக்கு வந்தன, கோர்ட்டுக்கு நடந்தார்கள், சாட்சி சொன்னார்கள். முப்பது வருடம்! 'அமைதியாகப் போராடுங்கள்' என்று அறிவுரை சொல்லும்போது, அமைதிப் போராட்டத்துக்கு இந்த நாட்டில் எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமத்துக்காரர்கள் பலர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கோடாரியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திர போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றது உறவினர் தரப்பு. தமிழ்நாடு கொந்தளித்தது. ஆந்திரப் பேருந்துகள் நிறுத்தப்பட்டன, ஆந்திர நிறுவனங்களுக்குப் பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது.

ஆனால், அந்தச் சத்தத்தையெல்லாம்விட அழுத்தமான போராட்டம் மலையோரக் கிராமங்களில் நடந்தது. சில குடும்பங்கள் உடலை அடக்கம் செய்ய மறுத்தன. மறு பிரேதப் பரிசோதனை வேண்டும் என்றன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், ஆறு உடல்களுக்கு மறு பரிசோதனை நடந்தது. சித்திரை வெயிலில், அழுகத் தொடங்கும் கணவனின் உடலை வைத்துக்கொண்டு 'புதைக்க மாட்டேன்' என்று ஒரு பெண் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எந்தச் சாலையும் மறிக்கப்படவில்லை. எந்தக் கண்ணாடியும் உடையவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 19(1)(ஆ) பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. 19(3), பொது ஒழுங்குக்காக அதற்கு 'நியாயமான' கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. எல்லாச் சண்டையும் அந்த 'நியாயமான' என்ற ஒற்றைச் சொல்லில்தான்.

1972-ல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை அடிப்படை. தெருவில் கூட்டம் நடத்துவதைப் போலீஸ் ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக இல்லை என்று சொல்ல முடியாது. 2018-ல் டெல்லி ஜந்தர் மந்தர் வழக்கிலும் அதே திசைதான். அங்கே வசிப்பவர்களின் நிம்மதியையும் பார்க்க வேண்டும், போராட்டத்தை முற்றிலும் துரத்தவும் கூடாது, விதிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது. 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில் மறுபக்கத்தை அழுத்திச் சொன்னது. பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க உரிமை இல்லை, இதற்கென ஒதுக்கிய இடங்களில் நடத்துங்கள் என்றது.

ஒதுக்கிய இடம் என்றால்? மலைக்காரருக்கு அது மாவட்டத் தலைநகரில் ஏதோ ஒரு ஓரம். ஊர்ப் பிரச்னைக்கு, ஊரையே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கோஷம் போட வேண்டும். தாலுகா தலைநகரான ஜமுனாமரத்தூரிலேயே, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு நூறு பேர் உட்கார ஓர் இடத்தைக் குறித்துவைத்தால் போலீஸுக்கும் தலைவலி குறையும் என்பது என் கருத்து. சந்தைக்கு இடம் ஒதுக்குகிறோம், கோடை விழாவுக்கு மைதானம் தயார் செய்கிறோம். குறை சொல்ல இடம் ஒதுக்குவதில் என்ன தயக்கம்?

மாவட்டங்களில் போலீஸ் அதிகம் கையில் எடுப்பது 1861-ம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. ஆம், சிப்பாய்க் கலகம் முடிந்த சூட்டில் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஊர்வலம், கூட்டம் நடத்த முன்கூட்டி உரிமம் வாங்கச் சொல்ல இது உதவும். இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த '144'. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 163. வாயில் இன்னும் 144 என்றுதான் வருகிறது, போலீஸாருக்கும்கூட! இந்தத் தடையுத்தரவை நியாயமான எதிர்ப்பை அடக்கும் கருவியாக்கக் கூடாது, காரணத்தோடு எழுத்தில் வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நடைமுறையோ தனி ரகம். பல நேரம் 'அனுமதி இல்லை' என்ற பதில் முதல் நாள் இரவில்தான் வரும். நீதிமன்றம் போக நேரம் இருக்காது. தடையை மீறிக் கூடுவார்கள், போலீஸ் வேனில் ஏற்றும், கல்யாண மண்டபத்தில் வைக்கும், மதியம் சாம்பார் சாதமோ லெமன் சாதமோ வரும், மாலையில் விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டுப் போராட்டக்காரர்களுக்கு ஊரில் எந்த மண்டபத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பது அத்துப்படி. சிரிப்பு வந்தாலும், கலவரமில்லாமல் கோபத்தை வடிக்க இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு ஏற்பாடு அது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படி வைத்திருக்கச் சட்டம் இடம் தராது.

இந்த ஏற்பாடு உடையும் இடங்கள்தான் ஆபத்தானவை.

ஜவ்வாது மலை இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பக்கம் மேல்மா. சிப்காட் விரிவாக்கத்துக்காக மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து, 2023 ஜூலையில் விவசாயிகள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கு மேல் நடந்தது. நவம்பர் 4 அன்று கைதுகள். அத்தோடு நிற்கவில்லை. ஏழு பேர் மீது குண்டர் சட்டம்! கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று 1982-ல் கொண்டுவந்த சட்டம். ஜாமீன் கிடையாது, விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஏர் பிடித்தவர்கள் குண்டர்களா என்று மாநிலமே கேட்டது. இரண்டே நாளில் ஆறு பேர் மீதான உத்தரவை விலக்கிக்கொள்வதாக அரசு அறிவித்தது. ஏழாவது நபருக்கு அந்தச் சலுகை அப்போது கிடைக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பப் பெறக்கூடிய ஓர் உத்தரவை, முதலில் போடும்போது யோசித்தார்களா? போட்டவர் யாராவது பதில் சொன்னார்களா?

சூடு போட்ட ஊர்

தூத்துக்குடியைத் தாண்டி இந்தப் பேச்சு போக முடியாது. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தீ வைப்பும் கல்வீச்சும் நடந்தன என்பது ஒரு பக்கம். ஆனால், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தபோது தெரிந்தது இன்னொரு பக்கம். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். தடையுத்தரவு நகரின் ஒரு பகுதிக்கு மட்டும்தான், அதுவும் முதல் நாள் வந்தது. ஆட்சியர் தலைமையிடத்தில் இல்லாமல் கோவில்பட்டியில் இருந்தார். எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகப் போக வேண்டிய விதிகள் போலீஸின் சொந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

நூறு நாள் உட்கார்ந்திருந்த மக்களிடம், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் வந்து அவர்கள் நம்பும்படி பேசியிருந்தால்? அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆலையை மூட அரசு ஆணை வந்தது மே 28 அன்று. ஆறே நாள்தான், ஆனால் 13 உயிருக்குப் பிறகு.

கூட்டத்தின் ஆபத்து எப்போதும் துப்பாக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. 2017 ஜனவரி மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் ஒரு வாரம் குப்பைகூட விழாமல் பார்த்துக்கொண்டதை உலகமே பாராட்டியது. கடைசி நாளான 23-ம் தேதி கலைக்கத் தொடங்கியபோது ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ, நடுக்குப்பம் மீன் சந்தை சாம்பல். 2025 செப்டம்பர் 27 கரூரில் நடந்தது போராட்டமே இல்லை, நடிகர் விஜய்யின் கட்சிப் பிரசாரக் கூட்டம். நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. எத்தனை பேர் வருவார்கள், வெளியேற வழி எது, தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் என்று போலீஸ் கேட்கும் கேள்விகள் எல்லாமே உரிமையைப் பறிக்கும் கேள்விகள் அல்ல. கரூருக்குப் பிறகு அதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால், அதே கேள்விகளைச் சின்ன ஊர்க் கூட்டத்திடம் மட்டும் கடுமையாகவும், பெரிய கட்சிகளிடம் மென்மையாகவும் கேட்டால்தான் சந்தேகம் வருகிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில், சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். நடைபாதையை அனுமதியின்றி ஆக்கிரமிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று நள்ளிரவே அப்புறப்படுத்தல். பெரும்பாலும் பெண்கள். நீதிமன்ற உத்தரவு உத்தரவுதான், ஏற்க வேண்டும். நகரத்தின் குப்பையை அள்ளியவர்களை விடியும்வரை விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உங்கள் ஊரில் என்றால்...

வயல் கருகினாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ஒருநாள் நீங்களும் தெருவுக்கு வரலாம். ஆகவே சில விஷயங்கள். எழுத்தில் முன்கூட்டியே கொடுங்கள், சென்னை போன்ற நகரத்தில் ஐந்து நாளாவது முன்பு. இடம், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அனுமதி மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை எந்தக் கோர்ட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய, சிறப்புச் சூழலில் மட்டும், பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது சட்டம். கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்வது போலீஸின் கடமை. ஊரில் நான்கு பிள்ளைகளை ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் வேலைக்கென்றே நிறுத்துங்கள். சாலையில் ஒரு பக்கத்தை மட்டும் மறியுங்கள். ஒரு கர்ப்பிணி வழியில் சிக்கிவிட்டால், அதன்பிறகு உங்கள் கோரிக்கையை யாரும் பேச மாட்டார்கள்.

காவல்துறையில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில், முதல்வர் நிகழ்ச்சிக்கு வந்த மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொன்னது எவ்வளவு பெரிய தலைகுனிவானது என்பது உங்களுக்கே தெரியும். துப்பட்டாவில் என்ன ஆபத்து இருந்தது?

ஜவ்வாது மலையில் இப்போது ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது. ஜமுனாமரத்தூர் அருகே புலியூர் பக்கத்துப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான சில நாள்களில் சென்னை வந்து தேர்வெழுதி, 2024-ல் உரிமையியல் நீதிபதி பணிக்குத் தேர்வான செய்தியைப் படித்திருப்பீர்கள். ஊரே மேளதாளத்தோடு வரவேற்றது. சட்டத்தை இதுவரை எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்த மலை அது. இனி மனு எழுதித் தர, பிரிவு எண்ணைச் சொல்லித் தர, வீட்டிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மறியலுக்குப் போகும்போது கையில் மொபைலும் இருக்கிறது. போலீஸ் கேமராவில் அவர்களைப் படம் பிடிக்கிறது, அவர்கள் போலீஸைப் படம் பிடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்ள அதுவும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை சாயங்காலம் போளூரில் மலைக்கு ஏறும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில், காலையில் பார்த்த அதே முகங்கள் இருக்கும். தாள் கைமாறிவிட்டது. அதற்குப் பதிலாகச் சட்டைப்பையில், சுருக்குப்பையில், ஓர் ஒப்புகைச் சீட்டு. எண் போட்டது. வியர்வையில் நனையாமல் இருக்க, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பார்கள்.